கோழிக்குஞ்சும் பருந்தும்

புறக்கடையில் மேயுங் கோழிக்குஞ்சைப் பருந்து கௌவிச் செல்லின், கவண்கல்லும் நஞ்சிட்ட இறைச்சியுமே பரிகாரமென்பார் பலர். அவருடன் நாம் உடன்படுவதற்கில்லை. 1972-ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி அப்பறவைகளைக் கொல்லுதல் குற்றம். அன்றியும், எலியையும் செத்த பிராணிகளையும் தின்று நமக்கு உபகரிப்பனவும் அவையே. நஞ்சோ பருந்தோடு நில்லாது. நாயுங் காகமும் அதனையுண்டு மடியும்.

பொரித்த முதற் சில வாரங்களே பேரபாய காலம். அதுவரை குஞ்சுகளைத் தாயோடு பஞ்சாரத்திலிட்டு மூடுதலும், மேயவிடுங்கால் அருகிருத்தலும் செலவற்ற காவலாம். பருந்தைக் கண்டு தாய்க்கோழி கூவியவுடன் குஞ்சுகள் ஓடியொளிய இடம் வேண்டுமன்றோ? முற்றத்துப் புதரையெல்லாம் வெட்டி வெளியாக்கியோர் பருந்தைப் பழிப்பது நமக்கு விந்தையாயிருக்கிறது. வல்லூறோ மரத்திடை மறைந்திருந்து தாழப் பாய்வது. அதற்குப் பழைய மீன்வலையை மேலே இறுகக் கட்டுதல் நன்று.