உழைச்செல்வார்

நோய் தீர்த்தலை நான்கு கூறாக வகுத்தார் திருவள்ளுவர். நோயுற்றவன், தீர்க்கும் மருத்துவன், மருந்து, அருகிருந்து அதனை இயற்றுவோன் என்பன அவை. நான்காமவனையே அவர் உழைச்செல்வான் என்றார். மக்கள் மருத்துவமனைகளில் இவ்விடத்தைச் செவிலியர் நிரப்பி நன்மதிப்பும் பெற்றுள்ளனர். விலங்கு மருத்துவத்திலோ நம் நாட்டில் இவ்விடம் பெரும்பாலும் வெற்றிடமாகவே கிடக்கின்றது. இது தகுமா என்பதே ஈண்டு ஆராயற்பாலது.

இங்கிலாந்தில் 1961 ஆம் ஆண்டு முதல் விலங்குச் செவிலியர்க்கு முறையான பயிற்சி நடைபெற்று வருகின்றது. அம்மாணாக்கர் நூலறிவோடு அமையாது, விலங்கு மருத்துவமனைகளிலும் இருந்து தொழில் பயில்வர். கூண்டு கழுவுதல், எடை நிறுத்தல், உடல்வெப்பம் குறித்தல், கருவிகளை நீராவியால் தூய்மை செய்தல், குருதி எடுக்குங்கால் விலங்கினை நோவாது பற்றுதல், அறுவை முடிந்தபின் மயக்கந் தெளியுமளவும் அதன் மூச்சும் நாடியும் நோக்கியிருத்தல் ஆகியன அவர்தம் அன்றாடக் கடமைகளாம்.

இவை எளிய ஏவற்றொழில்களென்று இகழ்வாரும் உளர். அன்னார் ஒன்றை மறந்தனர். மனிதர்க்கு இயல்பான உடல்வெப்பம் 98.6 பாரன்ஹீட் பாகை. நாய்க்கோ ஏறத்தாழ 101 முதல் 102.5 வரை. இவ்வேறுபாடு அறியாதான் நலமுள்ள நாயைக் காய்ச்சலுடையதென்பான். மேலும், விலங்கு வாய் திறந்து தன் நோவை உரைக்கமாட்டாது. இரையெடாமை, ஒடுங்கிக் கிடத்தல், தொட்டவிடத்துச் சீறுதல் என்னும் குறிகளே அதன் மொழி. அம்மொழியை முதற்கண் கேட்பவர் உழையிருப்பவரே. வெறிநாய்க்கடி நோயோ குறி தோன்றியபின் பெரும்பாலும் உயிர் கொள்ளாது விடாதது. ஆதலின் முன்னரே தடுப்பூசி பெறுதலும் விலங்கைப் பற்றும் முறை பயிலுதலும் உழையிருப்பார்தம் உயிர் காக்கும் கல்வியாகும்.

சென்னை வேப்பேரியிற் கால்நடை மருத்துவக் கல்லூரி 1903 இல் தோன்றிற்று. தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் 1989 இல் நிறுவப்பெற்றது. மருத்துவரை ஆக்குவதில் நாம் பின்தங்கினோமல்லேம். சான்றிதழ் பெற்ற கால்நடை உதவியாளர், பதிவுபெற்ற மருத்துவரின் மேற்பார்வையிற் சிறு சிகிச்சைகள் செய்ய மாநில அரசு இசைவளிக்கலாமென 1984 ஆம் ஆண்டின் இந்தியக் கால்நடை மருத்துவ மன்றச் சட்டமும் கூறுகின்றது. ஆயினும் அவ்வுதவியாளர் என்னும் பெயரே பண்ணைக் கால்நடையைக் கருதி அமைந்தது.

தாம்பரத்தையடுத்த கோவிலம்பாக்கம் போன்ற ஊர்களை நோக்குமின். வயலிருந்த நிலத்தில் மாடிவீடுகள் எழுந்துள்ளன. தெருவிற் பசுக்களும் நாய்களும், வீட்டினுள் வளர்ப்பு நாயும் பூனையும் வாழ்கின்றன. இத்தகைய ஊர்களின் சிறு மருத்துவ நிலையங்களில் உழையிருப்போர் பலர் கண்டும் கேட்டுமே தொழில் கற்கின்றனர். அவர்பாற் குறையில்லை, கற்பிப்பாரின்மையே குறை.

மக்களுக்கே செவிலியர் போதாதவிடத்து விலங்கிற்கு வேண்டுமோ எனச் சிலர் வினவலாம். விலங்கின் நோய் மனிதரையும் பற்றுமாதலின், அதனைக் காப்பார் நம்மையும் காப்பாரேயாவர். ஆகவே, கல்லூரிப் பாடமும் மருத்துவமனைப் பயிற்சியும் இணைந்த ஒரு சான்றிதழ்க் கல்வி வேண்டும். அதனை முடித்தார்க்குத் தக்க பெயரும் ஊதியமும் வேண்டும். நான்கு காலுள்ள கட்டிலுக்கு மூன்று கால் போதுமென்பார் யாருமிலர், மருத்துவத்திற்கும் அஃதே.