கணக்குக் கேட்ட கமிஷன்



தேர்தல் நேரத்தில் இரவு பத்து மணிக்கு நம் ஊர்க் கடைவீதியில் நடப்பதைப் பார்த்திருப்பீர்கள். வேன் மேல் நிற்பவர் எவ்வளவு பெரிய தலைவராக இருந்தாலும் சட்டென்று மைக் அணைந்துவிடுகிறது. கைகூப்பிக் கும்பிட்டபடியே அவர் நகர்கிறார். கூட்டம் முணுமுணுத்துக்கொண்டே கலைகிறது. பக்கத்தில் நிற்பது இரண்டு காவலர்களும், வீடியோ கேமராவோடு பறக்கும் படை ஊழியர் ஒருவரும்தான். ஆண்டவரையும் ஆளப்போகிறவரையும் இந்த மூன்று பேர் எப்படி அடக்கிவைக்கிறார்கள்? அதைப் பற்றித்தான் இந்த இதழில் உங்களோடு பேச ஆசை.

மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 1951-லேயே வந்துவிட்டது. கட்சிகளுக்கான நடத்தை விதிகளின் முதல் முயற்சி 1960-ல் கேரளத்தில் நடந்தது. ஆனாலும் நெடுங்காலம் அவை ஏட்டில்தான் இருந்தன. கண்ட சுவரிலெல்லாம் சின்னம் வரைந்தார்கள். விடிய விடிய ஒலிபெருக்கி அலறியது. வட மாநிலங்கள் சிலவற்றில் வாக்குச்சாவடியையே ஆள் வைத்துக் கைப்பற்றினார்கள். 1990 டிசம்பரில் டி.என்.சேஷன் தலைமைத் தேர்தல் ஆணையர் ஆனார். பாலக்காட்டுத் திருநெல்லாயில் பிறந்தவர். தமிழ்நாட்டுப் பிரிவு ஐ.ஏ.எஸ். அதிகாரி, மதுரையில் கலெக்டராக இருந்தவர். அவர் வந்த பிறகு நாடு கண்ட மாற்றத்துக்குப் புதுச் சட்டம் பெரிதாகத் தேவைப்படவில்லை. இருந்ததை எடுத்து நடத்தினார், அவ்வளவுதான்.

செலவுக் கணக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். முடிவு வந்த 30 நாளுக்குள் வேட்பாளர் கணக்கை ஒப்படைக்க வேண்டும். தக்க காரணமின்றித் தவறினால் 3 ஆண்டு போட்டியிட முடியாது. இது ஏற்கெனவே இருந்த விதி. யாரும் லட்சியம் செய்யாத விதியும்கூட. சேஷன் காலத்தில் கணக்குக் கொடுக்காத 1,400-க்கும் மேற்பட்ட வேட்பாளர்களைத் தேர்தல் ஆணையம் தகுதி நீக்கம் செய்தது. 1993-ல் மத்தியப் பிரதேசத்தில் போட்டியிட்ட தன் மகனுக்காகப் பிரசாரம் செய்தார் என்ற புகாரில், ஹிமாசலப் பிரதேச ஆளுநர் பதவி விலக நேர்ந்தது. ஆளுநருக்கே இந்த நிலை என்று தெரிந்ததும் வட்டச் செயலாளர் வரை எல்லோரும் விதிப் புத்தகத்தைத் தேடினார்கள்.

வேட்பாளர்கள் பணிந்தது வெறும் பயத்தால் என்று நான் நினைக்கவில்லை. என் சுவர் விளம்பரத்துக்கு வெள்ளையடித்தால் எனக்குக் கோபம் வரும். எதிர்க்கட்சிக்காரன் விளம்பரத்துக்கும் அன்றைக்கே அதே வாளியிலிருந்து சுண்ணாம்பு போகிறது என்றால் கோபம் இருந்தாலும் புகார் சொல்ல வாயில்லை. அவனுடையதை மட்டும் விட்டுவைத்தால், அடுத்த நிமிடமே அந்த அதிகாரி எனக்கு அரசாங்கம் இல்லை, அவன் கட்சியின் ஆள். லத்தியும் முத்திரையும் இருந்தும் ஓர் அரசு மரியாதை இழப்பது இப்படித்தான்.

சேஷன் செய்ததெல்லாம் சரி என்று சொல்ல வரவில்லை. தேர்தல் பணி ஊழியர்கள் மீது தமக்குள்ள அதிகாரத்தை மத்திய அரசு ஏற்கும்வரை எந்தத் தேர்தலும் நடக்காது என்று 1993 ஆகஸ்டில் உத்தரவு போட்டார். வாக்காளரின் உரிமையை அப்படிப் பணயம் வைத்தது தவறு. அந்த அக்டோபரில் ஆணையத்துக்கு மேலும் இருவர் நியமிக்கப்பட்டபோது உச்ச நீதிமன்றம் போனார். 1995-ல் தீர்ப்பு அவருக்கு எதிராக வந்தது. மூவரும் சமம், கருத்து மாறினால் பெரும்பான்மை முடிவு. அவர் பதவியை உதறவில்லை. 1996 டிசம்பர் வரை அந்த ஏற்பாட்டின்கீழ் பணியாற்றினார். சட்டத்தைக் காட்டி ஊரை அடக்கியவரையும் சட்டம் அடக்கியது. அவருக்குப் பிறகும் ஆணையத்தின் சொல் எடுபட்டதற்கு இதுவும் ஒரு காரணம் என்பேன்.

கணக்குக் காட்டாதவரை விலக்கும் விதி நம் மண்ணுக்குப் புதிதில்லை. முதலாம் பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள், ஊர் வாரியங்களுக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் குடவோலையில் பெயர் எழுதத் தகுதியற்றவர் யார் யார் என்று அடுக்குகின்றன. வாரியத்தில் உறுப்பினராக இருந்து கணக்குக் காட்டாதவருக்கு இடமில்லை. அவருடைய நெருங்கிய உறவினருக்கும் இடமில்லை. நிலமும் கல்வியும் உள்ளவர்களுக்கான பிராமணர் சபை அது, ஊரார் எல்லோருக்குமானது இல்லை என்பதையும் மறக்கக் கூடாது. ஆனால் விதியை எல்லோரும் பார்க்கும்படி கோயில் சுவரில் வெட்டிவைத்த எண்ணம் உயர்ந்தது.

இன்று நம் நிலைமை? பணப் பட்டுவாடாவைக் காரணம் காட்டி 2016-ல் அரவக்குறிச்சி, தஞ்சாவூர், 2017-ல் ஆர்.கே.நகர், 2019-ல் வேலூர் தேர்தல்கள் தடைப்பட்டுப் பிறகு நடந்தன. ஆணையம் கண்ணை மூடிக்கொள்ளவில்லை என்பது ஆறுதல். ஆனால் காசு வாங்காத வாக்காளரும் அங்கே காத்திருக்க வேண்டியிருந்தது. சந்தையில் மாடு விற்ற பணத்தோடு வரும் விவசாயி 50,000 ரூபாய்க்கு மேல் ஆவணமின்றி வைத்திருந்தால் சோதனைச் சாவடியில் நிற்கிறார். கோடிகள் ஊருக்குள் வந்த பாதையில் அதே கண்டிப்பு இருந்ததா என்று அவர் கேட்டால் அது நியாயமான கேள்வி. சட்டம் சின்ன மீனுக்கு மட்டும் என்ற எண்ணம் வேரூன்றிவிட்டால், பறக்கும் படை வண்டியை நிறுத்தும்போது யாரும் மனமொப்பி நிற்கமாட்டார்கள்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். தமிழகச் சட்டமன்ற வேட்பாளர் ஒருவர் செலவிட 2022 முதல் வரம்பு 40 லட்சம் ரூபாய். அவர் தரும் கணக்கை யார் வேண்டுமானாலும் மாவட்டத் தேர்தல் அலுவலரிடம் பார்வையிடலாம் என்று 1961-ஆம் ஆண்டின் தேர்தல் நடத்தும் விதிகள் சொல்கின்றன. அதற்கு அந்த விதிகள் வைத்திருக்கும் கட்டணம் ஒரு ரூபாய். அடுத்த தேர்தல் முடிந்ததும், நீங்கள் வாக்களித்தவருடைய கணக்கையும் தோற்றவருடைய கணக்கையும் சேர்த்தே கேட்டுப் பாருங்கள். அதில் கண்டதை எங்களுக்கு எழுதுங்கள்; எந்தக் கட்சியானாலும் பிரசுரிப்போம்.

அன்புடன்,
ஆசிரியர்