கோபே தெரியும், மெடான் தெரியாதா?

'கிரேவ் ஆஃப் தி ஃபயர்ஃபிளைஸ்' பார்த்துட்டு அழாதவங்க நம்ம காலேஜ்ல யாராவது இருக்கீங்களா? அந்தப் படத்துக்குப் பின்னாடி ஒரு எழுத்தாளரின் சொந்த வாழ்க்கை இருக்கு. பெயர் அகியுகி நொசாகா. 1945-ல் கோபே நகரத்தின் மேல் அமெரிக்க விமானங்கள் குண்டு போட்டபோது அவர் 14 வயசுப் பையன். அவருடைய குட்டித் தங்கச்சி பட்டினியில் செத்துப்போனாள். சரியாகப் பார்த்துக்கொள்ளவில்லையே என்ற குற்ற உணர்ச்சியில் 1967-ல் அந்தக் கதையை எழுதினார். 1988-ல் இசாவோ தகாஹாதா அதை அனிமேஷனாக எடுத்தார். 2005-ல் டிவி படம், 2008-ல் நடிகர்களை வைத்து சினிமா. மூணு தடவை திரைக்கு வந்ததாலதான், மதுரைல இருக்கிற நமக்குக் கோபே தெரியுது.

இப்போ என் கேள்வி. அதே போர்க்காலத்தை நேரில் பார்த்து நாவல் எழுதின ஒருத்தர் நம்ம மதுரையிலேயே வாழ்ந்தார். அவரைத் தெரியுமா?

ப. சிங்காரம். 1920-ல் சிங்கம்புணரியில் பிறந்தவர். 1938-ல் வட்டிக்கடை வேலைக்காக இந்தோனேசியாவின் மெடானுக்குக் கப்பல் ஏறினார். 1942 மார்ச்சில் ஜப்பான் ராணுவம் மெடானைப் பிடித்தபோது அவருக்கு வயசு 21. அதாவது, நம்ம ஃபைனல் இயர் வயசு. 1946-ல் ஊர் திரும்பினார். மதுரை தினத்தந்தியில் வேலை, ஒய்.எம்.சி.ஏ. விடுதியில் தனிக்கட்டையாக வாழ்க்கை. 1997-ல் இறந்தார்.

அவர் எழுதின 'புயலிலே ஒரு தோணி' 1972-ல் வெளிவந்தது. அது சுயசரிதை இல்லை. ஆனா பார்த்த ஊர், பார்த்த காலம். மெடான், பினாங்கு, நேதாஜியின் ராணுவம், இதுக்கு நடுவுல பாண்டியன் மனசுல மதுரைத் தெருக்கள் ஓடிக்கிட்டே இருக்கும்.

நொசாகா கதையில் ஜப்பான், குண்டு வாங்குகிற ஊர். சிங்காரம் கதையில் ஜப்பான், துப்பாக்கியோட உள்ளே வர்ற படை. ரெண்டையும் சேர்த்துப் பார்த்தாதான் போர் முழுசா புரியும். நாம பாதியை மட்டும் பார்த்துட்டு அழுதுகிட்டு இருக்கோம்.

"இதையெல்லாம் படமா எடுக்க முடியுமா, செலவு ஆகுமே"ன்னு கேட்பீங்க. பூமணியின் 'வெக்கை' 2019-ல் 'அசுரன்' ஆனபிறகுதானே நம்மள்ல பாதிப் பேர் அந்த நாவலையே தேடினோம்? அனிமேஷன்னா பினாங்குல செட் போட வேண்டியதில்லை. புயல்ல தொங்கான் தத்தளிக்கிற ஒரு அத்தியாயம் போதும். பிளெண்டர் தெரிஞ்ச நாலு பேர், உரிமை வெச்சிருக்கிறவங்ககிட்ட முறையான அனுமதி, ஒரு செமஸ்டர். சிம்போசியத்துக்கு நாம செய்யற பல ப்ராஜெக்ட்டைவிட இது உருப்படியா இருக்கும்.

அதுக்கு முன்னாடி புத்தகத்தைப் படிங்க. நானும் இங்கிலீஷ் மீடியம்தான், தமிழ்ல என் வேகம் ஷேர் ஆட்டோ வேகம்தான். ஆரம்பத்துல மலாய்ச் சொல்லும் பழந்தமிழும் மிரட்டும். முப்பது பக்கம் தாண்டிட்டா அது நம்ம ஊர்க்காரர் நம்மகிட்ட பேசற மாதிரி ஆகிடும். சப்டைட்டில் வெச்சு ஜப்பான் படம் பார்க்கிற பொறுமை நமக்கு இருக்கு. அந்தப் பொறுமையில பாதி போதும், இந்த நாவலுக்கு.