மலையேறிப் போன நம் கேமராக்கள்

டிசம்பர் வந்துவிட்டால் தோழர்களின் முகநூலில் ஒரே மாதிரிப் பதிவுகள் வரிசைகட்டும். சுயாதீனப் படைப்பாளியாக இந்த ஓராண்டில் நான் வளர்ந்த கதை. புது லென்ஸ், இரண்டு பயிலரங்கு, மூன்று குறும்பட விழா, ஒரு சான்றிதழ். என்னிடமும் அப்படியொரு பட்டியல் உண்டு. அதை இங்கே போடப்போவதில்லை. மலைக்குப் போய் நாம் என்ன செய்துகொண்டிருக்கிறோம் என்பதைப் பேச வேண்டியிருக்கிறது.

போன தை மாதத்திலிருந்து கொல்லிமலைக்குப் போய்வருகிறேன். காரவள்ளி தாண்டினால் 70 கொண்டை ஊசி வளைவுகள். எல்லாரும் முதலில் எடுப்பது அதைத்தான், நானும் எடுத்தேன். யூடியூபில் கொல்லிமலை என்று தேடிப் பாருங்கள். சித்தர் குகை, எட்டுக்கை அம்மன், ஆகாய கங்கை, மர்மம், அமானுஷ்யம். அங்கே மனிதர்களே இல்லையோ என்று தோன்றும். இருக்கிறார்கள், மலையாளி பழங்குடியினர். பெயரைக் கேட்டதும் கேரளமா என்று கேட்கிற கல்லூரி மாணவர்கள் இன்றும் உண்டு. தமிழ்நாட்டில் பழங்குடியினருக்கு ஒதுக்கப்பட்ட சட்டமன்றத் தொகுதிகள் இரண்டே இரண்டு. ஏற்காடு ஒன்று, இந்த மலை இருக்கும் சேந்தமங்கலம் மற்றொன்று. சாமையும் தினையும் விளைந்த காட்டில் மரவள்ளி ஏறி, அது சேகோ ஆலைகளுக்கு லாரியில் இறங்கிக்கொண்டிருக்கிறது. இதெல்லாம் ட்ரோனில் தெரியாது.

சித்தர் வீடியோ போடுகிறவனை விடுங்கள், அவனுக்கு வேண்டியது வியூஸ். என் கோபம் நம்மீது.

செம்மேட்டுக்கு அப்பால் ஓர் ஊரில், வாசலில் கிழங்கு சீவிக்கொண்டிருந்த ஒரு ஆயாவை எடுத்தேன். நான்கு நிமிடப் படம். வசனம் இல்லை, புல்லாங்குழல் மட்டும். ஒரு பயிலரங்கில் போட்டுக் காட்டினேன். "அந்த முகத்துச் சுருக்கங்கள் பேசுது" என்றார் நடத்தியவர். கைதட்டினார்கள். அன்றைக்கு எனக்கு இரவெல்லாம் தூக்கம் வரவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

அடுத்த மாதம் போனபோது ஆயா கேட்டார்: "என்னைய எங்கெங்கயோ போட்டுக் காட்டினியாமே தம்பி, எனக்கு மட்டும் காட்டலியே?" பேத்தி செல்போனில் பார்த்துவிட்டுச் சொல்லியிருக்கிறாள். கொஞ்ச நேரம் கழித்து, "அந்தக் கிழிஞ்ச சேலையோடயா எடுத்த? சொல்லியிருந்தா பொட்டியில நல்ல சேல இருந்துச்சே" என்றார்.

எங்கள் சேரிக்கு நான் சிறுவனாக இருக்கும்போது கேமராவோடு வந்தவர்கள் சாக்கடையை எடுத்தார்கள், மூக்கொழுகும் குழந்தையை எடுத்தார்கள். நாங்கள் கட்டிய நூலகத்தை எடுக்கச் சொன்னோம், எடுக்கவில்லை. அவர்களைத் திட்டித்தான் நான் கேமரா பிடிக்கவே வந்தேன். மலையாள சினிமாவின் முதல் நாயகி பி.கே.ரோசி, உயர்சாதிப் பெண்ணாக நடித்த குற்றத்துக்காக ஊரைவிட்டே துரத்தப்பட்டார் என்று மேடைதோறும் பேசுகிறோம். பேச வேண்டியதுதான். ஆனால் சேரியில் பிறந்துவிட்டால் நம் லென்ஸ் தானாகவே சுத்தமாகிவிடுமா?

"ஒடுக்கப்பட்டவர்கள் எல்லாரும் ஒன்றுதானே தோழர்" என்பார்கள். இல்லை. அந்த மலையில் ஒரு வீட்டில் என் சாதியைக் கேட்டுவிட்டுத் திண்ணையோடு நிறுத்தினார்கள். படத்தில் அதை வைக்கவில்லை. 'அப்பாவிப் பழங்குடி' என்ற என் கதைக்கு அது பொருந்தவில்லை! ஆயாவின் நல்ல சேலையும் பொருந்தவில்லை, அந்தத் திண்ணையும் பொருந்தவில்லை. பிறகு எதை எடுத்தேன்?

வாச்சாத்தியை நினைத்துப் பாருங்கள். அங்கேயும் இதே மலையாளி மக்கள்தான். 1992 ஜூன் 20இல் வனத்துறையும் காவல்துறையும் ஊருக்குள் புகுந்து செய்த கொடுமைக்கு 2011இல் தருமபுரி நீதிமன்றம் தண்டனை கொடுத்தது, 2023இல் உயர்நீதிமன்றம் அதை உறுதி செய்தது. நீதிமன்றத்தில் நின்று, சீருடைக்காரர்களை நோக்கிக் கைநீட்டி, அந்தப் பெண்கள் பேசினார்கள். நம் குறும்படங்களில் பழங்குடிப் பெண் பேசுகிறாளா? வானத்தைப் பார்க்கிறாள். திவ்யபாரதியின் 'கக்கூஸ்' படத்தைப் பல ஊர்களில் திரையிட விடாமல் தடுத்ததும், இணையத்தில் ஏற்றிய பிறகு அவர் மீது வழக்குகள் பாய்ந்ததும் எதனால்? அதில் தொழிலாளர்கள் வாய்திறந்து பேசினார்கள்.

எடுக்க விஷயமா இல்லை? பழங்குடிப் பட்டியலில் மலையாளி என்ற பெயருக்குப் பக்கத்தில் மாவட்டங்களும் எழுதப்பட்டிருக்கின்றன. சேலம் அதில் உண்டு, அதனால் கொல்லிமலைக்காரர் பழங்குடி. ஈரோடு அதில் இல்லை, அதனால் பர்கூர் மலையில் இருக்கும் அதே மக்கள் சான்றிதழுக்காகப் பல்லாண்டுகளாக அலைகிறார்கள். 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் ஆந்திரப் போலீஸ் சுட்டுக்கொன்ற 20 பேரில் பலர் ஜவ்வாது மலையிலிருந்தும் சித்தேரியிலிருந்தும் கூலிக்குப் போனவர்கள். இதற்கெல்லாம் தாசில்தார் அலுவலக வாசலில் உட்கார வேண்டும், அரசாணை படிக்க வேண்டும். புல்லாங்குழல் சுலபம்.

ஐப்பசியில் படத்தை ஊருக்கே கொண்டுபோய், வேட்டியைக் கட்டித் திரையிட்டேன். ஆயா இரண்டு இடங்களை எடுக்கச் சொன்னார், எடுத்துவிட்டேன். புல்லாங்குழலுக்கு ஊரே சிரித்தது, அதையும் எடுத்தாயிற்று. இப்போது படம் இரண்டரை நிமிடம். ஒரு விழாவுக்குக் குறைந்தது நான்கு நிமிடம் வேண்டுமாம், அனுப்பவில்லை. ப்ளஸ் டூ பரீட்சை முடிந்ததும் மீதியைத் தானே எடுப்பதாகப் பேத்தி சொல்லியிருக்கிறாள். என் காலர் மைக்கை இப்போதே வாங்கி வைத்துக்கொண்டாள்.