புறப்படுமுன் ஒரு நாழிகை



ஐப்பசி பிறந்துவிட்டால் நம் குடும்பங்களுக்குப் பயணக் காலமும் பிறந்துவிடுகிறது. நவம்பர் 2-ஆம் நாள் கல்லறைத் திருநாளுக்குச் சொந்த ஊர் போக வேண்டும். திருவருகைக் காலம் தொடங்குமுன் முடித்துவிட வேண்டுமென்று நிச்சயித்த திருமணங்களுக்குப் போக வேண்டும். தென்கோடியில் உள்ளவர்களுக்கு டிசம்பர் 3-இல் நிறைவுறும் கோட்டாறு சவேரியார் பெருவிழா. அதன்பின் கிறிஸ்து பிறப்பு விழா. இவை அனைத்தும் வடகிழக்குப் பருவமழையின் மாதங்களிலேயே வந்து அமைந்திருக்கின்றன. திருவழிபாட்டு நாட்காட்டியை வகுத்தவர்கள் வங்கக் கடலைக் கண்டவர்களல்லர். அவர்களைக் குறை கூறுவதற்கில்லை. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் குமரி மாவட்டத்தைத் தாக்கி, சாலையெங்கும் மரங்களைச் சாய்த்துப் போட்டபோதும், கோட்டாற்றில் பெருவிழா நாட்களே நடந்துகொண்டிருந்தன.

புயல் என்றதும் வீட்டைப் பற்றிய அறிவுரைகள் எத்திசையிலிருந்தும் வந்து குவிகின்றன. மெழுகுவர்த்தி வாங்குங்கள், குடிநீர் நிரப்புங்கள், கூரையை இழுத்துக் கட்டுங்கள் என்பன யாவும் நல்லவையே. நாமும் பின்னர் சில வரிகளில் அவற்றைத் தொடுவோம். ஆயினும், உறுதியான வீட்டினுள் கதவடைத்து இருப்பவரைவிட அந்நேரத்தில் சாலையில் இருப்பவருக்கே ஆபத்து மிகுதி. அவர் ஏன் சாலையில் இருக்கிறார்? பெரும்பாலும் வீரம் காட்டப் புறப்பட்டவரல்லர் அவர். போகாவிட்டால் யாரேனும் மனம் வருந்துவார்களே என்று புறப்பட்டவர். இதைக் குறித்தே இம்மாதம் சற்று விரிவாக எழுத விரும்புகிறோம்.

இரு இரயில் வண்டிகளின் கதையை முதலில் நினைவுகூர்வோம்.

1964 டிசம்பர் 22 இரவு, நள்ளிரவை ஒட்டிய வேளையில், பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குப் பயணிகள் வண்டி ஒன்று புறப்பட்டது. தனுஷ்கோடியை நெருங்கிய இடத்தில் கைகாட்டி வேலை செய்யவில்லை. காற்றும் மழையும் கண்ணை மறைத்த அவ்விருளில் ஓட்டுநர் சிறிது நேரம் காத்திருந்து, பின்னர் நீண்ட ஊதல் ஒலி எழுப்பிவிட்டு வண்டியை முன்னே செலுத்தினார் என்று சொல்லப்படுகிறது. பொங்கி எழுந்த கடல் வண்டியை அப்படியே வாரிக்கொண்டு போயிற்று. நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அந்த ஓட்டுநரைக் குறை கூற நமக்கு மனம் வரவில்லை. இன்று நாம் காணும் செயற்கைக்கோள் படங்கள் அவர் காலத்தில் ஏது? ஊரோ மிக அருகில் இருந்தது. இன்னும் சிறிது தூரந்தானே என்று எண்ணியிருப்பார். அவ்விடத்தில் நம்மில் எத்தனை பேர் வேறுவிதமாக எண்ணியிருப்போம்?

2023 டிசம்பர் 17 இரவு, திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட விரைவு வண்டி திருவைகுண்டம் நிலையத்தில் நிறுத்தப்பட்டது. அதற்கப்பால் தண்டவாளத்தின் அடியிலிருந்த சரளைக் கற்களை வெள்ளம் அரித்துக்கொண்டு போய்விட்டது. அந்த மழையில் காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் பதிவாயிற்று. அவ்வட்டாரத்தில் ஓராண்டு முழுவதும் பெய்வதைவிட அது மிகுதி. வண்டியில் ஏறக்குறைய 800 பேர் இருந்தனர். சுற்றிலும் நீர், உணவு இல்லை, மின்விளக்கு இல்லை. பக்கத்துக் கிராமத்து மக்கள் தங்களிடம் இருந்த அரிசியைக் கொண்டு சமைத்துக் கொடுத்தார்கள். 19-ஆம் நாள் வரை மீட்புப் பணி நீடித்தது. பயணிகள் பட்ட துன்பம் சிறிதன்று. ஆனால் அவர்கள் வீடு போய்ச் சேர்ந்தார்கள்.

திருவைகுண்டத்தில் வண்டியை நிறுத்தி வைக்கப் பொறுப்புள்ள அதிகாரிகள் இருந்தனர். நம் வீட்டுப் பயணத்தை நிறுத்தி வைக்கும் அதிகாரி யார்? குடும்பத் தலைவர் என்று உடனே பதில் வரும். நாம் அப்படி நினைக்கவில்லை. விழாவுக்கு அழைத்தவரே அந்த அதிகாரி என்பது நமது கருத்து. ஏனெனில், அழைக்கப்பட்டவரால் எளிதில் 'வரவில்லை' என்று சொல்ல இயலாது. தங்கை மகளின் மஞ்சள் நீராட்டுக்கு மழையைக் காட்டி வராமல் இருந்த தாய்மாமனைப் பற்றி எத்தனை ஆண்டுகள் பேசுவார்கள் என்பது நமக்குத் தெரியும். "மழைக்குப் பயந்தா வரவில்லை? நாங்கள் எல்லாரும் வரவில்லையா?" என்ற ஒரு சொல்லுக்கு அஞ்சியே எத்தனையோ பேர் கைக்குழந்தையோடு வண்டியைக் கிளப்பிவிடுகிறார்கள். சம்பந்தி வீடு என்றால் இன்னும் மோசம். அங்கே போகாமல் இருப்பதற்குக் காய்ச்சலும் போதிய காரணமாகாது.

ஆகையால், எச்சரிக்கை வந்த உடனே அழைத்தவரே தொலைபேசியை எடுத்து, "அண்ணா, இங்கே ஆற்றில் நீர் ஏறிக்கொண்டிருக்கிறது. நீங்கள் புறப்பட வேண்டாம். உங்களுக்கு உரிய இடம் அப்படியே இருக்கும், மழை விட்டதும் வந்து பிள்ளைகளை ஆசீர்வதியுங்கள்" என்று வாய்திறந்து சொல்லிவிட வேண்டும். 'உங்கள் விருப்பம்போல் செய்யுங்கள்' என்பது போதாது. அதை நம் ஊரில் எவரும் அனுமதியாக எடுத்துக்கொள்வதில்லை. முதியவர் ஒருவர் அவ்வாறு சொல்லிவிட்டால் இளையவர்களின் மனச்சுமை பாதி இறங்கிவிடும். திருமணம் போன்று ஒத்திவைக்க இயலாத நிகழ்ச்சியாயின், வெளியூரார் முதல் நாள் பகலிலேயே வந்து தங்குவதற்கு இடம் செய்வது அழைத்தவர் கடமை.

எச்சரிக்கை வந்ததென்று எப்படி அறிவது? வானிலை ஆய்வுத் துறை நான்கு நிறங்களால் அறிவிக்கிறது. பச்சை என்றால் எச்சரிக்கை ஏதுமில்லை. மஞ்சள் என்றால் செய்தியைக் கவனித்துக்கொண்டிருக்க வேண்டும். ஆரஞ்சு என்றால் ஆயத்தமாக வேண்டும். சிவப்பு என்றால் உடனே காப்பு நடவடிக்கையில் இறங்க வேண்டும். ஒரு நாளில் 7 முதல் 11 சென்டிமீட்டர் பெய்தால் அது கனமழை; 12 முதல் 20 வரை மிகக் கனமழை; அதற்கும் மேற்பட்டது அதி கனமழை. சொந்த ஊருக்கு மட்டுமன்றி, போகும் வழியில் உள்ள மாவட்டங்களுக்கும் போய்ச் சேரும் ஊருக்கும் என்ன நிறம் என்று பார்க்க வேண்டும். மதுரையில் வெயில் அடித்தது என்பதனால் திருச்செந்தூர்ச் சாலை உலர்ந்திருக்கும் என்று கொள்ளலாகாது. ஆரஞ்சு நிறத்தில் தவிர்க்கக்கூடிய பயணம் எதுவும் வேண்டாம். சிவப்பில் எப்பயணமும் வேண்டாம். உயிர்காக்கும் சிகிச்சைக்குச் செல்வோர் 108-ஐ அழைக்கட்டும். இவ்வளவையும் பார்த்து முடிவு செய்ய ஒரு நாழிகை, அதாவது 24 நிமிடம், தாராளமாகப் போதும்.

புறப்பட்டாயிற்று, வழியில் மழை பிடித்துக்கொண்டது என்று வைத்துக்கொள்வோம். அப்போது நாம் மிகவும் அஞ்ச வேண்டியது தரைப்பாலத்தை. காற்றையும் இடியையும் கண்டு நடுங்குகிறவர்கள்கூட, தரைப்பாலத்தின் மேல் ஓடும் நீரைக் கண்டு, 'முழங்கால் அளவுதானே' என்று இறங்கிவிடுகிறார்கள். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு கன மீட்டர் நீரின் எடை 1,000 கிலோ. சிறிய கார் ஒன்றின் அடிப்பரப்பை ஏறத்தாழ 5 சதுர மீட்டர் எனக் கொண்டால், அடித்தட்டுக்கு மேல் நீர் 20 சென்டிமீட்டர் ஏறியதும் அவ்வண்டியை 1,000 கிலோ அளவுக்கு நீர் மேலே தூக்குகிறது. சிறிய காரின் மொத்த எடையே ஏறக்குறைய அவ்வளவுதான். தரையிலிருந்து அளந்தால் இது முழங்கால் உயரங்கூட இல்லை. சக்கரம் தரையைப் பற்றாதபோது ஓட்டுநர் கையில் இருப்பது வெறும் வளையமே. மேலும், நீரின் வேகம் இரண்டு மடங்கானால் அது தள்ளும் விசை நான்கு மடங்காகிறது. நடந்து செல்பவரையோ, கணுக்காலைச் சற்றே தாண்டிய 15 சென்டிமீட்டர் நீர் வேகமாக ஓடினாலே வீழ்த்திவிடக்கூடும். கலங்கல் நீருக்கடியில் பாலம் இன்னும் இருக்கிறதா என்பதையும் எவரும் கண்டு சொல்ல முடியாது. முன்னே ஒரு லாரி கடந்து போயிற்று என்பது சாட்சியாகாது. அதன் எடை வேறு, உயரம் வேறு. திரும்பிச் செல்ல வேண்டும். சுற்றுவழி 40 கிலோமீட்டர் ஆனாலும் சுற்றியே போக வேண்டும்.

இரயில் பாதைக்குக் கீழே அமைத்த சுரங்கப்பாதைகளும் இத்தகையவையே. ஆளில்லாக் கடவுப்பாதைகளின் ஆபத்தை நீக்குவதற்காக அவை கட்டப்பட்டன, நோக்கம் நன்று. ஆயினும் மழைக்காலத்தில் பல இடங்களில் அவை குளங்களாகிவிடுகின்றன. 2021 செப்டம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் துடையூர் அருகே, அத்தகைய சுரங்கப்பாதையில் தேங்கிய நீரில் கார் சிக்கிப் பெண் ஒருவர் உயிரிழந்தார். நீர் நிற்கும் சுரங்கப்பாதையில் இறங்கவே கூடாது. தவறி இறங்கி வண்டி நின்றுவிட்டால், மீண்டும் மீண்டும் எஞ்சினைக் கிளப்ப முயன்று நேரத்தை இழக்க வேண்டாம். உடனே இருக்கைப் பட்டையைக் கழற்றி, கண்ணாடியை இறக்கி, சன்னல் வழியே குழந்தைகளை முதலில் வெளியேற்றித் தாமும் வெளியேற வேண்டும். வெளியே நீர் ஏறிய பிறகு அதன் அழுத்தத்தை எதிர்த்துக் கதவைத் திறப்பது அரிது. மின்விசையால் இயங்கும் கண்ணாடிகளும் நீர் புகுந்தபின் அசையாமல் போகலாம்.

கார் வைத்திருப்போரைவிட இரு சக்கர வண்டியில் செல்வோரே நம் வாசகர் குடும்பங்களில் அதிகம். அவர்களுக்குச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. பின்னால் அமர்ந்திருப்பவர் குடை பிடிக்கும் வழக்கத்தை அறவே விட்டுவிட வேண்டும். காற்று ஒரு முறை குடைக்குள் புகுந்தால் வண்டி எப்பக்கம் சாயும் என்று எவராலும் சொல்ல முடியாது. மழைச்சட்டை இல்லையென்றால் நனைவோம். நனைவதால் வரும் சளிக்கு மிளகு இரசம் உண்டு. சேலைத் தலைப்பையும் மழைச்சட்டையின் ஓரத்தையும் சக்கரத்திற்கு எட்டாதபடி சேர்த்துக்கொள்ள வேண்டும். பல நாள் வெயிலுக்குப்பின் பெய்யும் முதல் மழையின் தொடக்கத்தில், சாலையில் படிந்த எண்ணெயும் புழுதியும் நீரோடு கலந்து வழுக்கும். அந்நேரம் ஒரு தேநீர்க் கடையில் கழிந்தால் நட்டமில்லை. ஒதுங்கும்போது மரத்தடியில் நிற்பது தவறு. கணவன், மனைவி, இரு பிள்ளைகள் என நால்வரும் ஒரே வண்டியில் செல்வது வெயிற்காலத்திலேயே சட்டத்திற்கும் அறிவுக்கும் ஒவ்வாதது. மழையில் அதைப் பற்றி எழுதவும் நமக்குக் கை கூசுகிறது. பேருந்து இருக்கிறது.

வீட்டைப் பற்றிச் சில வரிகள். குடும்ப அட்டை, ஆதார், நிலப் பத்திரம், ஞானஸ்நானச் சான்று முதலியவற்றை நெகிழிப் பையில் கட்டி உயரத்தில் வைக்கவும். சர்க்கரை, இரத்த அழுத்த மருந்துகள் ஒரு வாரத்திற்கேனும் இருக்கட்டும். மின்சாரம் இல்லாதபோது பெட்ரோல் நிலையமும் பண இயந்திரமும் இயங்கா. வண்டியில் எரிபொருளும் கையில் ரொக்கமும் முன்னரே வேண்டும்.

புயலின் கண் ஊரைக் கடக்கும்போது காற்று திடீரென அடங்கிவிடும். புயல் ஓய்ந்ததென்று மாட்டைப் பார்க்கவும் உறவினரைப் பார்க்கவும் அந்நேரத்தில் வெளியே வருவோர் உண்டு. சிறிது நேரத்தில் எதிர்த்திசையிலிருந்து அதே வேகத்தில் காற்று திரும்பி வரும். வானொலியோ அதிகாரிகளோ புயல் கடந்தது என்று அறிவிக்கும்வரை வாயிற்படியைத் தாண்ட வேண்டாம். கடந்த பின்னரும் சாலையில் கிடக்கும் மின்கம்பி ஒவ்வொன்றிலும் மின்சாரம் இருப்பதாகவே கருத வேண்டும். அது தோய்ந்து கிடக்கும் நீரும் அப்படியே.

இன்னும் ஒன்று எஞ்சியிருக்கிறது. 2018 நவம்பர் 16 அதிகாலை வேதாரண்யத்திற்கும் நாகப்பட்டினத்திற்கும் இடையே கஜாப் புயல் கரை கடந்தபின், பல ஊர்களில் மின்சாரம் வரப் பல நாட்கள் ஆயின; தொலைபேசிகள் ஊமையாயின. வெளியூர்களில் இருந்த பிள்ளைகள் பெற்றோரின் குரல் கேளாமல் தவித்தனர். இந்நிலையில் தேடிப் புறப்படுவது இயல்பே. ஆனால் மரங்களும் கம்பிகளும் விழுந்து கிடக்கும் சாலையில் அதுவும் ஓர் ஆபத்தான பயணமாகிவிடுகிறது. எனவே புயலுக்கு முந்திய நாளிலேயே, "என் குரல் கேட்கவில்லை என்பதற்காக நீ கிளம்பி வராதே, நான் பள்ளிக்கூடத்து முகாமில் இருப்பேன்" என்று தாயும், "வழி திறந்தது என்று கேட்டறிந்த பிறகே வருகிறேன் அம்மா" என்று மகனும் பேசி வைத்துக்கொள்ளட்டும். மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் எண் 1077, மாநிலக் கட்டுப்பாட்டு அறையின் எண் 1070. பாட்டியின் கண்ணுக்கும் தெரியும் அளவில் பெரிய எழுத்தில் அவற்றைச் சுவர் நாட்காட்டியின் மேல் இன்றே எழுதி வைக்கவும்.