சோத்துக்குள்ள வைட்டமின், தொட்டுக்க ஒண்ணுமில்ல

வெறுஞ்சோறு தின்னும் பிள்ளைக்குக் கண் மங்குகிறது. அந்தச் சோற்றுக்குள்ளேயே மருந்து வைத்துவிடலாம் என்று கிளம்பினார்கள். ஐரோப்பிய விஞ்ஞானிகள் இங்கோ பொட்ரிகுஸும் பீட்டர் பேயரும், உடம்புக்குள் போய் வைட்டமின் ஏ ஆக மாறும் பீட்டா கரோட்டினை நெல்மணியிலேயே விளைய வைத்ததாக 2000இல் அறிவித்தார்கள். முதல் நெல்லில் மொத்தக் கரோட்டினாய்டு கிராமுக்கு 1.6 மைக்ரோகிராம்தான். 2005இல் மக்காச்சோள மரபணுவைப் புகுத்தி 37 வரை ஏற்றினார்கள். தங்க அரிசி என்று பேர். பிலிப்பைன்ஸ் 2021இல் அதன் சாகுபடிக்கு அனுமதி தந்தது. 2024இல் அங்குள்ள மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ரத்து செய்தது.

அந்த அரிசியில் சத்து போதுமா போதாதா என்று படித்தவர்கள் வாதாடட்டும். நாம கேட்பது வேற: பிள்ளை ஏன் வெறுஞ்சோறு தின்னுது?

நம்ம நாட்டுக் கதையைப் பாருங்கள். மாலைக்கண்ணுக்கு ஈரல் என்பது பாட்டன் காலத்து வைத்தியம். 100 கிராம் மாட்டு ஈரலில் 4,000 மைக்ரோகிராமுக்கு மேல் வைட்டமின் ஏ இருக்கு. மூணு வயசுப் பிள்ளைக்கு ஒரு நாளைக்குத் தேவை ஏறக்குறைய 400. பத்து கிராம் துண்டு போதும். ஆனால் அதைத் தின்றதற்காகவே நம்மைக் கீழ்ச்சாதி என்றார்கள். 2015இல் மகாராஷ்டிராவில் காளையையும் எருதையும்கூட அறுக்கக்கூடாது என்று சட்டம் வந்தது. முட்டை மஞ்சக்கருவிலும் இதே வைட்டமின் ஏதான். அதே 2015இல் மத்தியப் பிரதேசத்தில் அங்கன்வாடிப் பிள்ளைகளுக்கு முட்டை கொடுக்கும் யோசனையை முதலமைச்சரே மறுத்தார். யாரோ சைவம் என்பதற்காக யார் வீட்டுப் பிள்ளை பட்டினி கிடப்பது?

அடுத்தது கீரை. களையெடுக்கப் போன நம்ம பொம்பளைங்க மடி நிறையப் பறித்துவந்த பொன்னாங்கண்ணியில் பீட்டா கரோட்டின் இல்லையா? களைக்கொல்லி அடித்த வயலில் கீரையும் போச்சு, களையெடுத்த கூலியும் போச்சு. சொந்தமாகக் கீரைப்பாத்தி போடலாம் என்றால் நிலம் எவன் பேரில் இருக்கு? பீட்டா கரோட்டின் உடம்பில் சேர, கூடவே கொஞ்சம் எண்ணெயோ கொழுப்போ வேணும். அதுக்கும் வழியில்லாத அடுப்பில் தங்க அரிசி வெந்து என்ன ஆகப்போகுது?

விஞ்ஞானத்தோட நமக்குச் சண்டையில்லை. தட்டிலிருந்த கறியை, முட்டையை, கீரையைப் பிடுங்கிக்கொண்டு, மிச்சமிருக்கிற சோற்றைத் திருத்தித் தருவதைக் கருணை என்று சொன்னால்தான் பத்திக்கொண்டு வருது. மாட்டுக்கறிச் சட்டங்களை எடு. எல்லா மாநிலத்திலும் பிள்ளைத் தட்டில் முட்டை வை. உழுகிறவன் பேரில் நிலத்தை எழுது. அதுக்கப்புறம் உட்கார்ந்து பேசலாம், அரிசி வெள்ளையா மஞ்சளா என்று.