'இன்' வந்தால் 'இல்லை'யா?

டேங்கர் லாரியின் பின்னால் 'ஹைலி இன்ஃப்ளேமபிள்' என்று எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். கரெக்ட் என்றால் சரி. இன்கரெக்ட் என்றால் தவறு. ஃப்ளேமபிள் என்றால் தீப்பற்றக்கூடியது. அப்படியானால் இன்ஃப்ளேமபிள்?

தீப்பற்றாதது என்று நினைத்தால் ஆபத்து! இரண்டுக்கும் ஒரே அர்த்தம்தான். லத்தீனில் 'இன்' இரண்டு உண்டு. ஒன்று 'இல்லை' என்பது, இன்கரெக்டில் வருவது. மற்றது 'உள்ளே' என்பது. தீ மூட்டுவதைக் குறிக்கும் 'இன்ஃப்ளமாரே' என்ற லத்தீன் சொல்லில் இருப்பது இந்த இரண்டாவது 'இன்'. அதிலிருந்து பிறந்ததே இன்ஃப்ளேமபிள். வீக்கத்துக்கும் எரிச்சலுக்கும் டாக்டர் சொல்லும் 'இன்ஃப்ளமேஷன்'கூட அதன் உறவுதான்.

இந்தக் குழப்பம் உயிருக்கே உலை வைக்கும் என்பதால், அமெரிக்காவின் தேசியத் தீத்தடுப்புச் சங்கம் 1920-களிலேயே 'ஃப்ளேமபிள்' என்று மட்டும் எழுதச் சொல்லி வலியுறுத்தியது. நம் ஊர் லாரிகளில் பழைய சொல் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. பெயின்ட் தின்னர், நெயில் பாலிஷ் ரிமூவர், டியோடரன்ட் ஸ்பிரே என எதில் இதைப் பார்த்தாலும் அடுப்படிப் பக்கமே கொண்டுபோகாதீர்கள். நிஜமாகவே தீப்பற்றாததற்குப் பெயர் 'நான்ஃப்ளேமபிள்'.

இன்னொன்று: உங்கள் யோசனையை யாராவது 'இன்வேல்யுவபிள்' என்றால் சண்டைக்குப் போக வேண்டாம். மதிப்பே இல்லை என்று அர்த்தமல்ல. நாம் 'விலைமதிப்பற்றது' என்கிறோமே, அதுதான்!